ஒரு காகிதம் வந்தால் துப்பாக்கியைக் கொடுத்துவிட வேண்டுமா?

கேள்வி (2024 ஜூன் 22)

நேற்று ரஹிமி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோபத்தில் மனைவியோ காதலியோ கோர்ட்டுக்குப் போய் ஒரு காகிதம் வாங்கினால் போதுமாம், எந்தக் குற்றமும் நிரூபணம் ஆகாதவனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிவிடலாமாம். அப்புறம் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிற அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் எதற்கு? நேரில் அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சும்மா கருத்து வேண்டாம்.

2024 ஜூன் 22, இரவு

அனுபவம் உண்டு. உத்தரவு வந்தது எனக்கு இல்லை, கல்லூரியிலிருந்து கூட இருக்கிற நண்பனுக்கு. ஆனால் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுக்க வண்டி ஓட்டியவன் நான். கலிபோர்னியா, இந்த வருஷம் மார்ச் கடைசி வாரம்.

2020-ல் ஊர் பூட்டிக் கிடந்தபோது நம்மாட்கள் சிலர் டாய்லெட் பேப்பருக்கு அடுத்தபடியாகத் துப்பாக்கியும் வாங்கினார்கள், ஞாபகம் இருக்கும். அவனும் வாங்கினான். பரீட்சை எழுதி, பத்து நாள் காத்திருந்து, ஒரு 9 எம்எம் பிஸ்டல். பூட்டுப் போட்ட சின்னப் பெட்டியில் அலமாரி மேல்தட்டில் வைத்தான். ஒரே ஒரு தடவை என்னையும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனான். காதை மூடிக்கொண்டு சுட்டும் எனக்கு ராத்திரி முழுக்க கொய்ங் என்றிருந்தது, அதோடு நமக்கும் அதற்கும் சரி.

வீட்டில் என்ன நடந்தது என்று எழுத மாட்டேன், அது அவர்கள் இரண்டு பேர் விஷயம். மார்ச் 17 ஞாயிறு அவன் வெளியே வந்து ஒரு மோட்டலில் தங்கினான். அடுத்த வாரம் திங்கள் சாயங்காலம் ஆபீஸ் பார்க்கிங்கில் ஷெரிப் ஆபீஸ் ஆள் ஒருவர் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மனைவி கேட்டு வாங்கிய தற்காலிகத் தடை உத்தரவு. இத்தனை கஜம் தள்ளி நில், போன் பண்ணாதே, வீட்டுப்பக்கம் வராதே, நடுவில் துப்பாக்கி பற்றி ஒரு பத்தி.

ராத்திரி 9.40-க்குப் போன். "மச்சான், ஒரு பெட்டி இருக்கு, கொஞ்ச நாள் உன் கராஜ்ல வெச்சுக்கறியா?" நான் யோசிக்கவே இல்லை. "கொண்டு வாடா" என்றேன், ஊருக்குப் போகிறவன் பைக்கை நம் வீட்டில் நிறுத்துகிற மாதிரி. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "அந்தப் பேப்பரை முழுசா படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். வாட்ஸப்பில் பக்கம் பக்கமாகப் போட்டோ அனுப்பச் சொல்லிப் படித்தோம். இரண்டே வழி: போலீஸில் ஒப்படைக்கலாம், இல்லை உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில் விற்கவோ வைத்துவிடவோ செய்யலாம். நண்பன் வீட்டுக் கராஜ் என்று மூன்றாவது வழி கிடையாது. வாங்கி வைத்திருந்தால் அவனோடு நானும் மாட்டியிருப்பேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் போனோம். பெட்டி டிக்கியில். முன்னாலேயே போன் செய்து சொல்லியிருந்தோம் (நேரே கையில் துப்பாக்கியோடு எந்த வாசலிலும் போய் நிற்காதீர்கள், கடையானாலும் ஸ்டேஷனானாலும்). கடைக்காரர் பெட்டியைத் திறந்து, துப்பாக்கி வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மேகசினை உருவினார். உள்ளே தோட்டா. ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தள்ளிப் பச்சை விரிப்பில் வரிசையாக வைத்தார், பத்து. "இதை இப்படியா எடுத்து வருவீர்கள்?" என்று இரண்டு பேரையும் பார்த்தார். பேங்க் கவுன்டரில் கள்ளநோட்டை நீட்டிவிட்டவன் மாதிரி முழித்தேன். "வாங்கின புதுசுல போட்டது, மறந்தே போச்சு" என்றான் இவன்.

வைத்திருக்க மாசம் 40 டாலர் வாடகை. அடகுக்கடை மாதிரி ரசீது. கோர்ட்டுக்குக் கொடுக்க டிவி-800 என்று ஒரு படிவம், ஒரு பிஸ்டல், பத்து தோட்டா என்று எழுதிக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டார்.

"பிடுங்கிவிடலாம்" என்கிறீர்கள். யாரும் பிடுங்கவில்லை. ஒருத்தரும் வரவில்லை. எனக்கு ஆச்சரியமே அதுதான்.

2024 ஜூன் 23

காலையில் படித்துப் பார்த்தால் முக்கியமானதை எழுதவே இல்லை. கெடு 24 மணி நேரம். அந்த 24 எப்போது தொடங்கும் என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். நீதிபதி கையெழுத்துப் போட்ட நேரத்திலிருந்து இல்லை, உத்தரவு உங்கள் கைக்கு வந்த நேரத்திலிருந்து. போலீஸ்காரர் அங்கேயே கேட்டால் அங்கேயே கொடுக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ரசீதைக் கோர்ட்டில் போட வேண்டும், காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த போலீஸ் துறைக்கும் ஒரு பிரதி. நண்பன் கோர்ட்டில் போட்டான், இரண்டாவதை மறந்தான்.

கேட்டவருக்கு நேர் பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. தற்காலிக உத்தரவு ஒரு தரப்பைக் கேட்டு மட்டும் வருவதுதான். ஆனால் அதில் துப்பாக்கி கூடாது என்பது கலிபோர்னியா சட்டம். உச்ச நீதிமன்றம் பார்த்தது 1994-ல் வந்த மத்தியச் சட்டத்தை, அது வேறு. அதன்படி முன்னறிவிப்புக் கொடுத்து, விசாரணை வைத்து, எதிர்த்தரப்பு வந்து பேச வாய்ப்புக் கிடைத்த பிறகு வந்த உத்தரவாக இருக்க வேண்டும். கூடவே, இந்த ஆளால் மனைவி, காதலி, பிள்ளை உடம்புக்கு நம்பத்தகுந்த ஆபத்து இருக்கிறது என்று கோர்ட் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அடிக்கவோ வன்முறையோ கூடாது என்று உத்தரவில் வெளிப்படையாக இருக்க வேண்டும். காலையில் போய்ச் சாயங்காலம் வாங்கிவந்த காகிதத்துக்கு மத்தியச் சட்டம் அசையாது.

இங்கே தற்காலிகத்துக்கும் விசாரணைக்கும் நடுவில் சாதாரணமாக 21 நாள். அந்த மூன்று வாரம் துப்பாக்கி இல்லாமல் இருந்ததால் அவனுக்கு என்ன குறைந்தது? நாற்பது டாலர்.

2024 ஜூன் 23, கொஞ்சம் கழித்து

நாற்பது டாலர் என்று நக்கல் அடித்தது தப்பு. அவன் வீட்டையும் விட்டுத்தான் நின்றான், குழந்தையைப் பார்க்க முடியாமல். ஆனால் அதுவும் துப்பாக்கியும் ஒன்றல்ல. ஒரே காகிதத்தில் வருவதால் ஒன்று மாதிரி தெரிகிறது.

2024 ஜூன் 25

ரஹிமியைப் பாவம் மாதிரி பேசுகிறவர்கள் தீர்ப்பின் முதல் சில பக்கத்தையாவது படியுங்கள். 2019 டிசம்பர், டெக்சாஸில் ஆர்லிங்டன், ஒரு பார்க்கிங். காதலி, அவனுடைய குழந்தைக்குத் தாய். சண்டையில் காருக்குள் தள்ளியதில் டாஷ்போர்டில் தலை மோதுகிறது. யாரோ பார்த்துவிட்டார்கள் என்றதும் துப்பாக்கியை எடுக்கிறான், அவள் தப்பி ஓடும்போது சுடுகிறான். அப்புறம் போன் செய்து, வெளியே சொன்னால் உன்னையே சுட்டுவிடுவேன் என்கிறான். 2020 பிப்ரவரியில் டாரன்ட் கவுன்டியில் இரண்டு வருஷத்துக்குத் தடை உத்தரவு. அதற்கு அவனே சம்மதித்தான், எதிர்த்து வாதாடவில்லை.

அதற்குப் பிறகுதான் விஷயமே. 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் நடுவில் ஐந்து துப்பாக்கிச் சூடு. அதில் ஒன்று, கூட வந்தவனின் கிரெடிட் கார்டு பர்கர் கடையில் செல்லவில்லை என்பதற்காக வானத்தைப் பார்த்துச் சுட்டது. போலீஸ் வீட்டைச் சோதித்தபோது ஒரு பிஸ்டல், ஒரு ரைபிள், தோட்டாக்கள், கூடவே அந்தத் தடை உத்தரவின் பிரதி. அதாவது காகிதம் பத்திரமாகத்தான் இருந்தது. துப்பாக்கியும் பத்திரமாகத்தான் இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு 2023-ல் ஐந்தாவது சர்க்யூட் என்கிற மேல்முறையீட்டுக் கோர்ட் அந்த மத்தியச் சட்டமே செல்லாது என்றது. காரணம் 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் கொடுத்த புரூயன் தீர்ப்பு: துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் பழைய வழக்கத்தோடு பொருந்த வேண்டும். இரண்டாவது திருத்தம் வந்த 1791-ல் பெண்டாட்டியை அடித்தவனின் துப்பாக்கியை யார் வாங்கி வைத்தார்கள், அப்படி ஒரு சட்டமே இருந்ததில்லையே என்பது வாதம். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இப்போது சொல்லியிருப்பது: அச்சு அசலாக அதே சட்டம் வேண்டாம், அடிப்படை ஒத்துப்போனால் போதும். மிரட்டுகிறவனிடம் முன்கூட்டியே ஜாமீன் வாங்குகிற சட்டமும், ஆயுதத்தோடு போய் ஊரைப் பயமுறுத்துகிறவனைத் தண்டிக்கிற சட்டமும் அப்போதே இருந்தன. நம்மூரில் கோட்டாட்சியர் முன்னால் ரவுடிகள் நன்னடத்தைப் பிணை எழுதிக்கொடுப்பார்களே, அந்த ரகம். எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி தாமஸ், புரூயன் தீர்ப்பை எழுதியவரும் அவரேதான்.

தீர்ப்பு குறுகலானது என்பதையும் சொல்ல வேண்டும். ஆபத்து என்று கோர்ட் கண்டறிந்த ஆளிடமிருந்து, தற்காலிகமாக. அவ்வளவுதான். மேலே நான் சொன்ன "அல்லது"க்குப் பின்னால் இருக்கிற பாதியை அவர்கள் தொடவே இல்லை.

2024 ஜூன் 25

பர்கர் கடையில் கார்டு செல்லாததற்கே வானத்தில் சுட்டவன், ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று நிற்கவைத்தால் என்ன செய்திருப்பானோ.

2024 ஜூன் 30

ஹெச்-1பி-யில் இருக்கிறேன், எனக்கு இதெல்லாம் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தம்பி, உங்களுக்குக் கேள்வியே வேறு. அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பொதுவாகக் கூடாது. வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு, அதை நம்பி வாங்கியவர்கள் உண்டு, வக்கீலைக் கேட்காமல் அந்தப்பக்கம் போகாதீர்கள். கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கலாம். என் நண்பன் அப்படி வாங்கியவன்தான்.

ஆனால் கிரீன் கார்டு இருக்கிறதே என்று உத்தரவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மிரட்டல், வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவை மீறியதாகக் கோர்ட் சொல்லிவிட்டால் அதுவே நாடுகடத்தக் காரணம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் அது தனிக் காரணம். மத்தியச் சட்டப்படி தடை இருக்கும்போது துப்பாக்கி வைத்திருந்தால் 15 வருஷம் வரை, 2022-க்கு முன்னால் பத்தாக இருந்தது.

நண்பனின் வக்கீல் ஏப்ரல் விசாரணையில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் உத்தரவுக்கு மட்டும் சம்மதம் சொல்லிவிடலாம் என்று யோசனை சொன்னார். சொன்னான். மூன்று வருஷ உத்தரவு. சம்மதித்து வாங்கினால் மத்தியச் சட்டம் வராது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், நானும். வரும். ரஹிமியும் சம்மதித்தவன்தானே.

2024 ஜூலை 7

கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் தாய்மாமா தேனிப் பக்கம் தோட்டம் வைத்திருந்தார், காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு ஒரு இரட்டைக்குழல். தேர்தல் அறிவித்தால் அதைச் சாக்கில் சுற்றி டிவிஎஸ் 50-ல் வைத்துக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். ரைட்டர் ஒரு சீட்டுக் கொடுப்பார். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். ஓட்டு எண்ணி முடிந்து திரும்ப வாங்கி வரும்போது எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே, அங்கே ஈரத்தில் போட்டுத் துருப்பிடிக்க வைத்துவிட்டார்கள் என்று திட்டுவார். உரிமை போச்சே என்று ஒருநாளும் சொன்னதில்லை. சிங்கம் மாதிரி ஆள்.

இதை வைத்து வாதம் எதுவும் செய்யவில்லை. அங்கே அது அரசாங்கம் கொடுத்த உரிமம், இங்கே அரசியல் சட்டத்தில் எழுதிய உரிமை. நண்பனின் ரசீதைப் பார்த்தபோது மாமாவின் சீட்டு ஞாபகம் வந்தது, அவ்வளவே.

2024 ஜூலை 20

"நல்லவன் கொடுத்துவிடுவான், கெட்டவன் ஒளித்துவைப்பான், அப்புறம் என்ன பிரயோஜனம்" என்று ஒரு வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரயோஜனம் இருக்கிறது. அடிக்கிற ஆள் கையில் துப்பாக்கி இருந்தால் அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் என்று 2003-ல் வந்த ஆய்வைத்தான் இன்றைக்கும் எல்லாக் கோர்ட்டிலும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் வாதத்தின் மற்றப் பாதி, அதாவது ஒளித்துவைத்தால் யார் கேட்பது என்பது, எனக்கும் உறுத்துகிறது. மத்தியச் சட்டம் வைத்திருக்காதே என்கிறது, எங்கே கொடு, யாரிடம் கொடு, கொடுத்தாயா என்று யார் பார்ப்பது என்பதெல்லாம் அதில் இல்லை. மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும். பல மாநிலங்களில் ஒழுங்கான ஏற்பாடு இல்லை.

கலிபோர்னியாவில் இருக்கிறது, படிவம் இருக்கிறது, ஏதோ ஒரு காரணத்தால் துப்பாக்கி கூடாது என்று ஆனபிறகும் வைத்திருப்பவர்கள் என்று மாநில நீதித்துறை ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அதில் 20,000 பேருக்கு மேல். பட்டியலில் பெயர் இருக்கிறது, துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. கடைசியில் எல்லாமே கொடுக்க வேண்டியவன் தன் வாயால் சொல்வதில்தான் நிற்கிறது. ஒரு பிஸ்டல், பத்து தோட்டா.

இன்னொன்று, யாரும் இங்கே பேசாதது: போலீஸ்காரர், ராணுவத்தார் மேல் இதே உத்தரவு வந்தால் வேலைக்கான துப்பாக்கிக்கு மத்தியச் சட்டத்தில் விலக்கு உண்டு. குடும்ப வன்முறையில் தண்டனையே வந்துவிட்டால் அந்த விலக்கு கிடையாது. உத்தரவுக்கு மட்டும் உண்டு. போலீஸ்காரர் வீட்டு அம்மா எங்கே போய்ச் சொல்வார்?

2024 ஜூலை 21

ரெட் ஃப்ளாக் சட்டத்தையும் இதையும் குழப்புகிறீர்கள். அது துப்பாக்கிக்கு மட்டுமான உத்தரவு, கணவன் மனைவி சம்பந்தமே வேண்டாம். கனெக்டிகட் 1999-லேயே ஒரு வகையில் கொண்டுவந்தது. இங்கே 2014-ல் ஐலா விஸ்டா என்கிற ஊரில் ஒரு பையன் செய்த கொலைகளுக்குப் பிறகு சட்டமாகி 2016 ஜனவரியிலிருந்து நடைமுறை. அங்கே கொலைக்குச் சில வாரம் முன்னால் குடும்பத்தார் பயந்து சொல்லி ஷெரிப் ஆட்கள் அந்தப் பையன் வீட்டு வாசல் வரை போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார்கள். துப்பாக்கிகள் உள்ளேதான் இருந்தன. தனி இழையில் பேசலாம்.

2024 ஆகஸ்ட் 18

ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. முதல் நாள் நான் எழுதியதை நேற்று திரும்பப் படித்தேன். பெட்டி அலமாரி மேல்தட்டில் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். உத்தரவு வந்த அன்றைக்கு அது மோட்டலில் இருந்தது. நடுவில் அவன் வீட்டுக்குப் போகவில்லை. அப்படியானால் மார்ச் 17-ம் தேதி வெளியே வரும்போதே அதை எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

அன்றைக்கு ராத்திரி அவனை மோட்டலில் கொண்டுவிட்டதும் நான்தான். மாற்றுத் துணி சரியாக இல்லை, என் டி-ஷர்ட் இரண்டு கொடுத்தேன். பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். இதையெல்லாம் மறந்தவன் அந்தப் பெட்டியை மறக்கவில்லை.

இதை மனைவியிடம் சொன்னேன். "இப்பத்தான் தோணுதா?" என்றாள். மார்ச்சிலேயே அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவனுடைய மனைவிக்கு அதற்கு முன்னாலேயே தோன்றியிருக்கும், அவள்தான் அந்த அலமாரியைத் தினமும் திறந்தவள். அவள் மனுவில் என்ன எழுதியிருந்தாள் என்பதை நான் இன்று வரை படிக்கவில்லை. உத்தரவுப் பக்கங்களைத்தான் அவன் போட்டோ எடுத்து அனுப்பினான், மனுவை அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே இரண்டு மாசமாக இங்கே தெரிந்தவன் மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 19

"பயத்தில் தற்காப்புக்கு எடுத்து வந்திருக்கலாம்" என்று ஒருவர். இருக்கலாம். மோட்டலில் யாரிடமிருந்து?

2024 அக்டோபர் 20

இழை செத்துவிட்டது என்று தெரியும். எனக்காக எழுதிவைக்கிறேன்.

ஏப்ரலில் மோட்டலைக் காலி செய்துவிட்டு அறை பிடித்தபோது நாலு அட்டைப்பெட்டியை அவன் என் கராஜில் போட்டிருந்தான். தீபாவளிக்கு முன்னால் இடத்தை ஒழித்துக் கொடுங்கள், கிரைண்டரை எங்கே வைப்பது என்று வீட்டில் பேச்சு. நேற்று மதியம் ஒவ்வொன்றாக நகர்த்தும்போது ஒன்றின் அடி நைந்து பிரிந்துவிட்டது. ரைஸ் குக்கர், பழைய சார்ஜர்கள், வருமான வரிக் காகிதம், அதற்குக் கீழே ஒரு துண்டில் சுற்றிய சின்ன அட்டைப்பெட்டி. கையில் எடுத்ததும் கனத்திலேயே தெரிந்துவிட்டது. 9 எம்எம், 50 தோட்டா பெட்டி. தோட்டாவையும் கொடுக்க வேண்டும் என்றுதான் உத்தரவில் இருக்கிறது. கராஜில் வைக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிக் கடைக்கு வண்டி ஓட்டிய நான், ஆறு மாசமாகக் கராஜில்தான் வைத்திருந்திருக்கிறேன்.

போலீஸின் சாதாரண எண்ணுக்கு (911 இல்லை) அடித்து விவரம் சொன்னேன். ஒரு பெண் அதிகாரி வந்தார். வாஷிங் மெஷின் மேல் வைத்து எண்ணினார். நாற்பது. யாருடையது என்றார், சொன்னேன். தடை உத்தரவு உண்டா என்றார், உண்டு என்றேன். எழுதிக்கொண்டார். ரசீதில் என் பெயர்.

அவர் பெட்டியை மூடும்போது உள்மூடியில் மடித்துவைத்த கடைச்சீட்டு ஒன்று விழுந்தது. தோட்டா வாங்கிய பில். தேதியை அவர் படித்தார், நானும் படித்தேன். 2024 மார்ச் 14. "வாங்கின புதுசுல போட்டது" என்று அவன் சொன்ன அந்தப் பத்து, வீட்டை விட்டு வருவதற்கு மூன்று நாள் முன்னால் வாங்கியது.

ராத்திரியிலிருந்து அவன் நம்பரிலிருந்து மூன்று தடவை போன். எடுக்கவில்லை. என் மனைவி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறாள், ஒரு மணி நேரம் ஆகப்போகிறது.